பட்டையகலம் எங்கிருந்து வருகிறது: சிறிய, அகலப்பட்டை பேட்ச் ஆன்டெனா வடிவமைப்பு

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2483.5-இல் முடிகிறது. அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நடு அதிர்வெண்ணில் 3.4 சதவீதம். கேட்பதற்குச் சொற்பம்தான். ஆனால் எங்கும் கிடைக்கும் 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4 (கண்ணாடி இழையும் எபாக்சி பிசினும் சேர்ந்த சர்க்யூட்) பலகையில் சாதாரணச் செவ்வக பேட்ச் ஒன்றை, அதாவது மேலே செவ்வகச் செம்பு, பின்பக்கம் கிரவுண்ட் எனும் முழுச் செம்புப் பரப்பு கொண்ட ஆன்டெனாவை, செதுக்கினால் அந்த 3.4 சதவீதம்கூடத் தேறாது. கிடைப்பதில் பாதிக்கு மேல் உண்மையான அகலமும் இல்லை. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பலகையின் மின்காப்பு மாறிலி 4.4, இழப்புக் குணகம் 0.02, நடு அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகச் சூத்திரப்படி பேட்சின் அகலம் 37.3 மி.மீ. புலத்தில் ஒரு பகுதி காற்றிலும் ஓடுவதால் செயல்படு மாறிலி 4.08-ஆகக் குறையும். விளிம்பில் புலம் வெளியே பிதுங்குவதால் மின்னியல் ரீதியில் பக்கத்துக்கு 0.74 மி.மீ. நீளம் கூடுகிறது. இரு பக்கமும் அதைக் கழித்தால் பேட்சின் நீளம் 28.8 மி.மீ. இதுவரை எல்லா இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கைகளிலும் இருக்கும். அடுத்த படியைத்தான் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள்.

ஆன்டெனாவுக்குள் தேங்கும் ஆற்றல் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைச் சொல்வது க்யூ காரணி. வேகமாக வெளியேறினால் க்யூ குறையும், பட்டை அகலும். வெளியேறும் வழிகளில் ஒன்று கதிர்வீச்சு, நமக்கு வேண்டியது அது ஒன்றுதான். இன்னொன்று பலகையின் பிசினில் சூடாகப் போவது. மூன்றாவது செம்பில் சூடாவது. நம் பேட்சுக்குக் கதிர்வீச்சு க்யூ ஏறக்குறைய 63. பிசின் இழப்பின் க்யூ, இழப்புக் குணகத்தின் தலைகீழ், அதாவது 50. செம்பின் க்யூ 1200 அளவு, அதை மறந்துவிடலாம். இவற்றின் தலைகீழ்களைக் கூட்டித் திரும்பத் தலைகீழாக்கினால் மொத்த க்யூ 27. அனுப்பிய திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வராத அலைவரிசையை, அதாவது எஸ்11 வளைகோடு −10 டெசிபலுக்குக் கீழே நிற்கும் பகுதியை, பட்டையகலம் என்று எடுத்துக்கொண்டால் 2.6 சதவீதம், 64 மெகாஹெர்ட்ஸ்.

கதிர்வீச்சுத் திறன், அதாவது உள்ளே போனதில் அலையாக வெளியேறும் பங்கு எவ்வளவு? 63-உம் 50-உம் போட்டி போடும்போது பாதிக்கு மேல் பிசினுக்குத்தான் போகும். விடை 43 சதவீதம். பிசின் இழப்பே இல்லாத, இதே மாறிலி கொண்ட ஒரு பலகை இருந்தால் அந்த 64 மெகாஹெர்ட்ஸ் 30-க்கும் கீழே இறங்கிவிடும். ஆக நாம் அளந்த அகலத்தில் பெரும்பகுதி, பலகை சூடானதால் வந்த அகலம். 50 ஓம் மின்தடை ஒன்றை கனெக்டரில் பற்றவைத்தால் அதன் எஸ்11 எந்த ஆன்டெனாவையும் விட அழகாக இருக்கும். அது எதையும் ஒலிபரப்பாது, அவ்வளவுதான். அகலப்பட்டை என்று எந்த வடிவத்தை யார் காட்டினாலும் முதலில் கேட்க வேண்டியது, அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

இந்த இழப்பு ஃபீட் இடத்தையும், அதாவது பேட்சுக்குச் சிக்னல் ஊட்டும் இடத்தையும், நகர்த்திவிடும். பேட்சின் விளிம்பில் மின்தடை அதிகம், நடுவில் சுழி. இடையில் 50 ஓம் இருக்கும் இடம்வரை 3 மி.மீ. அகலக் கோட்டை உள்ளே வெட்டிக் கொண்டுபோகிறோம். இழப்பைச் சேர்க்காமல் கணக்கிட்டால் வெட்டு 11 மி.மீ. அளவுக்கு ஆழமாக வரும். இழப்பைச் சேர்த்தால் விளிம்பு மின்தடை 350 ஓமிலிருந்து 150 பக்கம் இறங்கி, வெட்டு 9 மி.மீ.-க்குள் அடங்கிவிடும். வெட்டே பேட்சின் மின்னோட்டத்தைக் கலைப்பதால் நடைமுறையில் இன்னும் சற்றுக் குறைவான ஆழம்தான் சரியாக வரும். சூத்திரப்படி வெட்டி அனுப்பிய பலகை −8 டெசிபலில் நின்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் இடம் இது.

உயரத்தைக் கூட்டுவது

நேர்மையான அகலத்துக்கு முதல் வழி பலகையைத் தடிப்பாக்குவது, அல்லது மின்காப்பு மாறிலியைக் குறைப்பது. பேட்சுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கப்பட்ட புலத்தைத் தளர்த்திவிடுவதுதான் இரண்டிலும் நடக்கிறது. இரண்டு 1.6 மி.மீ. பலகைகளை ஒட்டி 3.2 மி.மீ. ஆக்கினால் கதிர்வீச்சு க்யூ 31 ஆகும். பட்டையகலம் 3.7 சதவீதம், 90 மெகாஹெர்ட்ஸ், திறன் 60 சதவீதத்தை ஒட்டி வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இப்போது அடங்கிவிட்டது, அதுவும் திறனையும் ஏற்றிக்கொண்டு. சிக்கலான எந்த வடிவத்தையும் முயன்று பார்ப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள் என்பது என் அபிப்பிராயம். ஒட்டும்போது நடுவில் காற்று இடைவெளி விடக் கூடாது. கால் மி.மீ. காற்று புகுந்தாலே அதிர்வெண் கணிசமாக மேலே ஏறிவிடும்.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேறு கதை. 5150-இலிருந்து 5850 வரை பிடிக்க வேண்டுமானால் 12.7 சதவீதம் வேண்டும். 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4-இல் 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு 16.6 × 12.4 மி.மீ. பேட்ச் 4 சதவீதத்தில் நின்றுவிடும். தேவைக்கு மூன்றில் ஒரு பங்கு. எஃப்.ஆர்.4-ஐத் தடிப்பாக்கிக்கொண்டே போகவும் முடியாது. தடித்த, மாறிலி கூடிய பலகையில் மேற்பரப்பு அலை கிளம்பிப் பலகைக்குள்ளேயே ஓடி விளிம்பில் சிதறும். எனவே காற்றுக்கு மாற வேண்டும்.

காற்றில் 5.5 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 54.5 மி.மீ. பேட்சை கிரவுண்டுக்கு மேல் 5 மி.மீ. உயர்த்தினால் அது அலைநீளத்தில் 9 சதவீதம், அகலத்துக்குத் தாராளம். உடனே வேறொரு தொல்லை வரும். கீழிருந்து பேட்ச்வரை ஏறும் எஸ்.எம்.ஏ. கனெக்டரின் ஊசி, 1.27 மி.மீ. விட்டம், 5 மி.மீ. நீளம், இப்போது ஒரு சுருளைப் போல நடந்துகொள்ளும். கணக்கிட்டால் ஏறக்குறைய 90 ஓம் தூண்டல் மறுப்பு. 50 ஓம் அமைப்பில் தொடராக 90 ஓம் உட்கார்ந்தால் பேட்ச் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொருத்தம் வராது. "காற்றில் தூக்கினேன், அகலம் வரவில்லை" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஊசிதான்.

இதைத் தீர்க்கத்தான் பேட்சில் ஸ்லாட், அதாவது நீளமான குறுகிய வெட்டு, போடுகிறோம். 1995-இல் ஹுயின், லீ இருவரும் காட்டிய யூ ஸ்லாட் ஒரு வழி. 2001-இல் யாங், ரஹ்மத்-சமி குழுவினர் வெளியிட்ட ஈ வடிவம் இன்னொன்று, அதில் 30.3 சதவீதம் அளந்தார்கள். ஸ்லாட் இரண்டு வேலை செய்கிறது. ஊசியின் தூண்டலை ஈடுகட்டும் மின்தேக்கத்தைத் தருகிறது. கூடவே, ஸ்லாட்டைச் சுற்றிப் போகும் மின்னோட்டத்துக்கு நீண்ட பாதை கிடைப்பதால் கீழே ஒரு ஒத்ததிர்வு பிறக்கிறது. நடுவே நேராக ஓடும் மின்னோட்டம் மேலே இன்னொன்றைத் தருகிறது. இரண்டும் அருகருகே விழுந்தால் நடுப்பள்ளம் நிரம்பிப் பட்டை ஒன்றாகிவிடும்.

ஈ வடிவத்தையே எடுத்துக்கொள்வோம், வெட்டவும் திருத்தவும் எளிது. 5.5 கிகாஹெர்ட்ஸுக்குச் சிமுலேஷனில் தொடங்க உகந்த அளவுகள்: பேட்ச் 27 மி.மீ. அகலம், 20 மி.மீ. நீளம், உயரம் 5 மி.மீ. ஒரு கதிர்வீச்சு விளிம்பிலிருந்து உள்நோக்கி 15 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலத்தில் இரண்டு இணை ஸ்லாட்டுகள். அவற்றுக்கு நடுவில் மிஞ்சும் நாக்கு 5.5 மி.மீ. ஊசி அந்த நாக்கின் நடுக்கோட்டில், திறந்த விளிம்பிலிருந்து 2 முதல் 4 மி.மீ. உள்ளே. கிரவுண்ட் 55 மி.மீ. சதுரம். இவை தொடக்கப் புள்ளி மட்டுமே. அப்படியே செதுக்கிக் கொண்டுவந்து ஓடவில்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

திருத்தும் வரிசைதான் முக்கியம். முதலில் ஸ்லாட் நீளத்தை மட்டும் அரை மி.மீ. அரை மி.மீ.-ஆக மாற்றுங்கள், கீழ் ஒத்ததிர்வு நகரும், மேலது ஏறக்குறைய அசையாது. பிறகு பேட்ச் நீளத்தைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து நகரும். இரண்டும் சரியான இடத்தில் விழுந்த பிறகே ஊசியின் இடத்தைத் தொட வேண்டும். இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் வளைகோடு −10-க்கு மேல் மேடிட்டு நின்றால் ஒத்ததிர்வுகள் விலகிவிட்டன என்று அர்த்தம், ஸ்லாட்டைச் சுருக்க வேண்டும். மின்மறுப்பை ஒரு வட்டத்துக்குள் காட்டும் ஸ்மித் வரைபடத்தில் பார்த்தால் இன்னும் தெளிவு: வளைகோட்டில் ஒரு சிறு கண்ணி விழும். அந்தக் கண்ணி நடுப்புள்ளியைச் சுற்றி உட்கார வேண்டும். கண்ணி மொத்தமாக மேல்பாதியில் கிடந்தால் ஊசியின் தூண்டல் இன்னும் மிச்சமிருக்கிறது. உயரத்தை 4.5 மி.மீ. ஆக்குங்கள், அல்லது ஊசிக்குத் தடித்த குழாய்ச் சட்டை போடுங்கள். எல்லா அளவையும் ஒரே நேரத்தில் ஆப்டிமைசரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போவது பழக்கமாகிவிட்டது. அது ஒரு விடையைத் தரும். ஏன் அந்த விடை என்பதும், செய்த பலகை 100 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போனால் எதைத் தொட வேண்டும் என்பதும் தெரியாமல் போய்விடும்.

செய்முறையில் 0.3 மி.மீ. பித்தளைத் தகட்டை வெட்டி, நான்கு மூலையிலும் நைலான் ஸ்பேசர் கொடுத்து நிறுத்தலாம். மூலையில்தான் புலம் வலுவாக இருக்கும் என்பதால் ஸ்பேசர் மெல்லியதாக இருக்கட்டும், உலோகத் திருகு கூடவே கூடாது. இல்லாவிட்டால் 0.8 மி.மீ. எஃப்.ஆர்.4-இல் பேட்சைச் செதுக்கி, செம்பு கீழ்ப்பக்கம் பார்க்கக் கவிழ்த்து வைக்கலாம். பலகை கூரைபோல நின்று காப்பளிக்கும், புலத்தின் பெரும்பகுதி காற்றிலேயே இருப்பதால் இழப்பும் சொற்பம். அந்தக் கூரை அதிர்வெண்ணைச் சில சதவீதம் கீழே இறக்கும், சிமுலேஷனில் அதையும் வைத்தே ஓட்ட வேண்டும். நீண்ட ஊசியால் வரும் இன்னொரு விலை, குறுக்கு முனைவாக்கம், அதாவது வேண்டிய திசைக்குச் செங்குத்தான மின்புலம், கூடுவது. ஒற்றை முனைவாக்கத்தை நம்பி வேலை செய்யும் இணைப்புகளுக்கு இது உதவாது.

ஆக 13 சதவீதம் கிடைத்தது. ஆனால் எஃப்.ஆர்.4 பேட்சின் பரப்பு 206 சதுர மி.மீ., இதற்கு 540. உயரமும் மூன்று மடங்கு. அகலம் இலவசமாக வரவில்லை.

சிறிதாக்கினால் என்ன ஆகும்

1940-களின் இறுதியில் வீலரும் சூவும் வகுத்த எல்லை ஒன்று உண்டு. ஆன்டெனாவை முழுதாக உள்ளடக்கும் கோளத்தின் ஆரம் எவ்வளவு சிறிதோ, க்யூ அவ்வளவு உயரும், அதுவும் கன மடங்கில். 2.45 கிகாஹெர்ட்ஸில் 10 மி.மீ. ஆரக் கோளத்துக்குள் அடங்கும், இழப்பே இல்லாத ஆன்டெனாவுக்கு க்யூ 9-க்குக் கீழே போக வழியில்லை. அந்த எல்லையைத் தொட்டுவிட்டாலும் பட்டையகலம் 7.6 சதவீதம்தான். தட்டையான ஆன்டெனா கோளத்தின் உள்ளிடத்தை நிரப்புவதே இல்லை, எனவே அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 12 × 12 மி.மீ. பேட்ச், 20 சதவீத அகலம் என்ற அறிவிப்பைப் பார்த்தவுடன் கை தானாகத் திறன் வரைபடத்தைத் தேடும். பெரும்பாலும் அந்த வரைபடம் அங்கே இருக்காது. இருந்தால், கோளத்துக்குள் கிரவுண்டைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

சிறிதாக்கும் வழிகள் தெரிந்தவைதான். பேட்சின் நடுக்கோட்டில் மின்னழுத்தம் சுழி என்பதால் அங்கே கிரவுண்டுக்குக் குறுக்குச்சுவர் வைத்து ஒரு பாதியை வெட்டி எறிந்துவிடலாம். நீளம் கால் அலைநீளமாகும். கைபேசிகளுக்குள் பல காலம் ஓடியது இதன் உறவுக்காரன்தான். விளிம்பில் வெட்டுகள் போட்டு மின்னோட்டத்தை வளைந்து ஓடவைப்பதும், கிரவுண்டில் டம்பெல் வடிவ வெட்டுகள் போடுவதும் மற்றவை. கிரவுண்டை வெட்டினால் பின்பக்கக் கசிவு கூடும். பேட்சின் ஒரே பெரிய நன்மை பின்னால் உலோகம் இருந்தாலும் கவலைப்படாதது. அதை நாமே ஓட்டை போட்டு இழப்பது எனக்கு உவப்பில்லை.

கிரவுண்டைச் சுருக்கிய பேட்ச், பேட்சே அல்ல

"காம்பாக்ட் வைட்பேண்ட் மைக்ரோஸ்ட்ரிப் பேட்ச்" என்ற தலைப்போடு வருபவற்றில் ஏராளமானவை பேட்சுக்குக் கீழே கிரவுண்டே இல்லாதவை. மேலே செவ்வகமோ வட்டமோ, பின்பக்கம் ஃபீட் கோட்டுக்குக் கீழே மட்டும் கிரவுண்ட். இது அச்சிட்ட மோனோபோல், அதாவது கிரவுண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கம்பி ஆன்டெனாவின் தட்டை வடிவம். வேலை செய்யும் விதமே வேறு, பேட்ச் சூத்திரத்தை வைத்து இதை அளவிடுவது பொருந்தாது. ஆனால் சிறிய பலகையில், எஃப்.ஆர்.4-இலேயே, பெரிய அகலம் வேண்டும், எல்லாத் திசையிலும் பரவினால் போதும் என்றால் இதைவிட நல்ல வழி குறைவு. பலகையின் இரு பக்கமும் காற்றாக இருப்பதால் புலம் பிசினில் அடைபடுவதில்லை, இழப்பும் குறைவு.

2002-இல் அமெரிக்காவின் எஃப்.சி.சி. திறந்துவிட்ட 3.1–10.6 கிகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்துக்கொள்வோம். கீழ் எல்லைக்கு எளிய கணக்கு: செவ்வகத்தின் உயரம், அகலத்தை 2 பையால் வகுத்தது, கிரவுண்டுக்கும் செவ்வகத்துக்கும் உள்ள இடைவெளி, மூன்றையும் செ.மீ.-இல் கூட்டி, எஃப்.ஆர்.4-க்காக 1.15-ஆல் பெருக்கி, 7.2-ஐ அதனால் வகுத்தால் கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். 16 மி.மீ. அகலம், 16.6 மி.மீ. உயரம், 1 மி.மீ. இடைவெளி என்று வைத்தால் 3.1 வருகிறது. பலகை 30 × 35 மி.மீ. அளவில் அடங்கிவிடும், ஃபீட் கோடு 3 மி.மீ.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது செவ்வகத்தின் அடிப்பக்கம். அந்த 1 மி.மீ. இடைவெளிதான் முழு வடிவத்தின் உயிர்நாடி. 0.4-இலிருந்து 1.6 வரை 0.2 அடியாக ஓட்டிப் பாருங்கள். நடுவில் எங்கோ 5–7 கிகாஹெர்ட்ஸ் மேடு அடங்கும். செவ்வகத்தின் கீழ் மூலைகளைப் படிபோல வெட்டினால், கோட்டிலிருந்து பேட்சுக்கு மாற்றம் திடீரென இல்லாமல் படிப்படியாக நடக்கும், மேல்பட்டை திறக்கும். ஃபீட்டுக்கு நேர் பின்னால் கிரவுண்டின் மேல்விளிம்பில் சிறு பள்ளம் வெட்டுவதும் அதே வேலையைச் செய்யும். மேலே, தள்ளி இருக்கும் பகுதியில் போடும் பூ, இலை, ஃப்ராக்டல் அலங்காரங்கள் பொருத்தத்தைப் பெரிதாக மாற்றுவதில்லை. மின்னோட்டம் கீழ்விளிம்பில்தான் ஓடுகிறது.

இதில் மறைந்திருக்கும் பொறி கேபிள். 3.1 கிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் காற்றில் 24 மி.மீ. நம் கிரவுண்ட் அதைவிடச் சிறியது. மீதி மின்னோட்டம் கனெக்டரைத் தாண்டி அளக்கும் கேபிளின் வெளியுறையில் ஓடும். கேபிளும் ஆன்டெனாவில் சேர்ந்துவிட்டது. சோதிப்பது சுலபம்: அளக்கும்போது கேபிளின் மேல் கையை ஓட்டுங்கள். 3–4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வளைகோடு ஆடினால் உங்கள் கீழ் எல்லை கேபிள் போட்ட பிச்சை. கேபிளில் ஃபெரைட் மணிகளைக் கோத்தால் ஓரளவு அடங்கும். சிமுலேஷனிலும் 100 மி.மீ. கேபிளைச் சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

செதுக்குவதும் அளப்பதும்

எஃப்.ஆர்.4 என்பது ஒரே குறிப்பிட்ட பொருளின் பெயர் அல்ல, தீத்தடுப்புள்ள கண்ணாடி இழை–எபாக்சி பலகைகளின் தர வகைப் பெயர். மாறிலி 4.2-ஆகவும் வரும், 4.7-ஆகவும் வரும். 4.4 என்று நினைத்தது 4.2-ஆக இருந்தால் நம் முதல் பேட்ச் 2.45-இலிருந்து 55 மெகாஹெர்ட்ஸ் மேலே போய்விடும். பட்டையகலமே 64 என்பதை நினைவில் வையுங்கள். நீளத்தில் 0.1 மி.மீ. பிழை 8.5 மெகாஹெர்ட்ஸ்தான், அது இதன் முன் தூசு. ஆகவே எந்தப் பலகையில் வேலை செய்யப் போகிறோமோ அதே பலகையில் முதலில் ஒரு வெற்றுச் செவ்வக பேட்சைச் செதுக்கி அளந்து, சிமுலேஷன் அதே அதிர்வெண்ணைக் காட்டும்வரை மாறிலியை மாற்றுங்கள். கிடைக்கும் எண்ணை வைத்து அசல் வடிவத்தைத் தொடங்குங்கள். 50 மெகாஹெர்ட்ஸ் இடம்விட்டு வடிவமைப்பதும் ஒரு வழிதான். குறுகிய பட்டையில் அது நடக்காது, அகலப்பட்டையை நாடுவதற்கு இதுவே பாதிக் காரணம்.

சிமுலேஷனில் வழக்கமாகத் தவறுபவை இரண்டு. காற்றுப்பெட்டி (ஆன்டெனாவைச் சுற்றி மென்பொருள் கணக்கிடும் வெளி) மிகக் குறைந்த அதிர்வெண்ணின் கால் அலைநீளமாவது எல்லாப் பக்கமும் தள்ளி இருக்க வேண்டும், நடு அதிர்வெண்ணின் கால் அலைநீளம் போதாது. செம்பைப் பூரணக் கடத்தியாகவும் இழப்புக் குணகத்தைச் சுழியாகவும் விட்டுவிட்டால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் மறைந்து, திறன் ஏறக்குறைய 100 சதவீதம் என்று வந்து நிற்கும்.

பலகை நிறுவனத்துக்கு அனுப்பும்போது பேட்சின் மேல் பச்சைப் பூச்சு வேண்டாம் என்று எழுதுங்கள். வீட்டில் ஃபெரிக் குளோரைடில் கரைப்பவர்கள் 0.3 மி.மீ.-க்குக் குறைந்த ஸ்லாட்டுகளை மறந்துவிடலாம். விளிம்புக்குக் கீழேயும் அரிக்கும்.

அளக்க, 2.4-க்கு 3 கிகாஹெர்ட்ஸ்வரை போகும் கையடக்க வி.என்.ஏ. (எஸ்11 அளக்கும் கருவி) போதும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6-ஐத் தாண்டுவது வேண்டும். திறந்த, குறுக்கிட்ட, 50 ஓம் முனைகளை வைத்துச் செய்யும் அளவுத்திருத்தத்தை ஆன்டெனா மாட்டும் கேபிள் நுனியில் செய்யுங்கள், கருவியின் வாயில் அல்ல. மேசைக்கு மேல் ஒரு அடியாவது தூக்கிப் பிடியுங்கள், தெர்மாக்கோல் துண்டு நல்ல பீடம்.

கடைசியாகத் திறன். எதிரொலியற்ற அளவீட்டு அறை இல்லாமலே இதை அறிய வீலர் 1959-இல் சொன்ன தொப்பிச் சோதனை இருக்கிறது. ஆன்டெனாவின் மேல் ஒரு உலோகப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் விளிம்பு கிரவுண்டோடு சுற்றிலும் நன்றாகத் தொடும்படி அழுத்த வேண்டும். கிரவுண்டு பெட்டியைவிடப் பெரிதாக இருக்கட்டும். 2.45-இல் பெட்டிச் சுவர் ஆன்டெனாவிலிருந்து 20 மி.மீ. அளவு தள்ளி இருந்தால் போதும். கதிர்வீச்சு அடைபட்டுவிடுவதால் மிஞ்சுவது இழப்பு மட்டும். பேட்ச் இணைச்சுற்றுபோல நடந்துகொள்வதால் ஒத்ததிர்வில் மின்தடை உயரும். திறந்த வெளியில் 50 ஓம் காட்டிய நம் முதல் எஃப்.ஆர்.4 பேட்ச் பெட்டிக்குள் 88 ஓம் காட்ட வேண்டும். 50-ஐ 88-ஆல் வகுத்து 1-இலிருந்து கழித்தால் 0.43. பெட்டியின் சொந்த ஒத்ததிர்வு பட்டைக்குள் விழுந்தால் எண் பொய் சொல்லும், அப்போது வேறு அளவில் இன்னொரு பெட்டியால் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியைக் கவிழ்த்தும் வளைகோடு கொஞ்சமும் அசையாமல் அப்படியே அகலமாக நிற்கிறதென்றால், அந்த ஆன்டெனா பலகையைத்தான் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.